முதலில் விழக் கற்றுக்கொள்ளுங்கள்

ஜூடோ களத்தின் விதிகள் அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் பொருந்தும் விதம்

ஜூடோ வகுப்பில் புதிதாகச் சேருபவர், நாலு பேரைத் தூக்கி எறியும் ஆசையோடுதான் வருவார். அவருக்கு முதலில் சொல்லித்தருவதோ கீழே விழுவதை. பின்பக்கமாக விழுவது, பக்கவாட்டில் விழுவது, உருண்டு எழுவது, தலை தரையில் மோதாதபடி தாடையை நெஞ்சோடு ஒட்டிவைப்பது, விழும் கணத்தில் கையால் பாயை ஓங்கி அறைந்து அதிர்ச்சியைப் பரப்பிவிடுவது என்று அதற்கே பல பாடங்கள் உண்டு. ஜப்பானியர் இதை 'உகேமி' என்கிறார்கள். இது உடம்பில் ஊறும்வரை யாரும் அவரை வேகமாக எறிய மாட்டார்கள். கறுப்புப் பட்டை வாங்கிய பிறகும் இந்தப் பயிற்சி தொடரும்.

அதனால்தான் ஜூடோ களத்தில் ஒரு விசித்திரத்தைப் பார்க்க முடிகிறது. இரண்டு பேர் முழுப் பலத்தோடு மோதுகிறார்கள். ஒருவர் மற்றவரைத் தரையில் சாய்க்கிறார். அடுத்த நிமிடம் இருவரும் தலைவணங்கி, மறுபடி பிடித்துக்கொள்கிறார்கள். யாருக்கும் யார் மேலும் வன்மம் இல்லை.

பல அலுவலகங்களில் நிலைமை தலைகீழ். மீட்டிங்கில் எல்லோரும் தலையாட்டுவார்கள். வெளியே வந்ததும் டீக்கடையில் உண்மை பேசுவார்கள். நேரில் யாரும் மோதுவதில்லை. வன்மத்துக்கோ குறைவில்லை. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

ஜூடோவை உருவாக்கியவர் ஜிகொரோ கானோ. 1860-இல் பிறந்தவர், குள்ளமான, ஒல்லியான உடம்புக்காரர். பள்ளியில் முரட்டு மாணவர்களிடம் அடிபட்டதால் ஜுஜுத்ஸு என்ற பழைய தற்காப்புக் கலையைக் கற்கப் போனவர். பல்கலைக்கழகப் படிப்பை முடித்த அடுத்த ஆண்டு, 1882-இல், டோக்கியோவில் எய்ஷோஜி என்ற புத்தக் கோயிலில் 12 பாய் விரித்த இடத்தில் ஒரு சில மாணவர்களுடன் 'கோடோகான்' பள்ளியைத் தொடங்கினார். அப்போது வழங்கிய பழைய முறைகளில் காயங்கள் சகஜம். கானோ செய்த முக்கியமான வேலை, குத்து, உதை போன்ற ஆபத்தான உத்திகளை முன்கூட்டியே வகுத்த அசைவுகளாகச் செய்யும் 'கதா'வுக்குள் ஒதுக்கியது. 'ரந்தோரி' எனும் சுதந்திரப் பயிற்சியில், காயமில்லாமல் செய்யக்கூடியவற்றை மட்டும் வைத்தார். ஆபத்து விலகியதும் மாணவர்கள் தயங்காமல் முழு மூச்சாக மோத முடிந்தது. அதனால் வேகமாகத் தேறினார்கள்.

கானோ வாழ்க்கை முழுக்கக் கல்வியாளர். ஆசிரியர்களை உருவாக்கும் டோக்கியோ உயர்நிலைப் பயிற்சிக் கல்லூரிக்கு 20 ஆண்டுகளுக்கு மேல் தலைமை வகித்தவர். 1909-இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவில் இடம்பெற்ற முதல் ஆசியர். அவர் வகுத்த முறையிலிருந்து தலைவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இதுதான்: விழுந்தாலும் அடிபடாது என்ற உறுதி இருக்கும் இடத்தில்தான் மனிதர்கள் முழுத் திறமையையும் வெளியே எடுப்பார்கள். அந்த உறுதியைத் தருவது தலைவரின் முதல் வேலை. அதற்கான வழிகள் கீழே.

1. சின்னச் சின்னதாக விழ விடுங்கள்

ஜூடோவில் விழும் உயரம் படிப்படியாகக் கூடும். முதலில் உட்கார்ந்த நிலையிலிருந்து, பிறகு குந்திய நிலையிலிருந்து, அப்புறம்தான் நின்ற நிலையிலிருந்து. அலுவலகத்தில் நாம் செய்வது நேர்மாறு. புதிதாகச் சேர்ந்தவரை ஆறு மாதம் எதிலும் கைவைக்க விடாமல் ஓரமாக உட்காரவைப்போம். திடீரென்று ஒரு நாள் பெரிய கிளையன்ட் முன் நிறுத்துவோம். அவர் தடுமாறினால் "இவருக்குப் பக்குவம் போதாது" என்று முத்திரை குத்திவிடுவோம்.

முதல் வாரத்திலேயே, தவறினாலும் பெரிய நஷ்டம் இல்லாத ஒரு வேலையை முழுப் பொறுப்போடு கொடுங்கள். உள் மீட்டிங்கில் ஐந்து நிமிடம் பேசுவது, வாராந்திர ரிப்போர்ட்டைத் தயாரிப்பது போன்றவை போதும். தவறு நடக்கும். அப்போது மூன்றே கேள்விகள் கேளுங்கள்:

- என்ன நடந்தது?
- எந்த இடத்தில் முதலில் சந்தேகம் வந்தது?
- அடுத்த முறை அந்த இடத்தில் யாரிடம் கேட்பீர்கள்?

"ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்ற கேள்வி இந்தப் பட்டியலில் இல்லை. அதைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் காரணம் தேடத் தொடங்கிவிடுவார். தகவல் வருவது நின்றுவிடும்.

கெட்ட செய்தியோடு வருபவரிடம் நீங்கள் சொல்லும் முதல் வாக்கியம் மிக முக்கியம். "சார், நேத்து அனுப்பின பில்லுல ஒரு தப்பு இருக்கு" என்று ஒருவர் வந்து நின்றால், "இன்னைக்கே சொன்னது நல்லதாப் போச்சு, வாங்க பார்க்கலாம்" என்று தொடங்குங்கள். கண்டிக்க வேண்டியிருந்தால் பிறகு தனியே கண்டிக்கலாம். முதல் வாக்கியமே திட்டாக இருந்தால், அடுத்த தவறு உங்களுக்குத் தெரியவரும்போது அது பெரிதாக வளர்ந்திருக்கும்.

2. தட்டினால் உடனே விடுங்கள்

கழுத்துப் பிடியிலோ கைப் பிடியிலோ சிக்கியவர் தாங்க முடியாவிட்டால் எதிராளியின் உடம்பையோ பாயையோ கையால் இரண்டு முறை தட்டுவார். 'மைத்தா' என்று வாயால் சொல்வதும் உண்டு. அந்தக் கணமே பிடி விடப்படும். "இன்னும் ஒரு நொடி" என்ற பேச்சே கிடையாது. தட்டினால் பிடி விலகும் என்ற நம்பிக்கையில்தான் ஒருவர் தன் கழுத்தையே இன்னொருவர் கையில் ஒப்படைக்கிறார்.

நம் வீடுகளில் இந்தத் தட்டல் இல்லை. கணவன், மனைவி இடையே வாக்குவாதம் சூடாகும்போது ஒருவர் எழுந்து போனால், "பாதியில எங்க போறீங்க? பதில் சொல்லிட்டுப் போங்க" என்று பின்னாலேயே குரல் வரும். அல்லது எழுந்து போனவர் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேச மாட்டார். முன்னது பிடியை விடாத குற்றம். பின்னது தட்டிவிட்டுக் களத்தையே விட்டு ஓடுவது.

இருவரும் நல்ல மனநிலையில் இருக்கும் ஒரு நாளில் மூன்று விதிகளைப் பேசி வையுங்கள்:

- நிறுத்தச் சொல்லும் சொல் ஒன்றை முடிவுசெய்யுங்கள். "இப்ப போதும்" என்பதே போதுமானது. யார் சொன்னாலும் அத்தோடு பேச்சு நிற்க வேண்டும்.
- நிறுத்தச் சொன்னவரே மறுபடி பேசும் நேரத்தைச் சொல்ல வேண்டும். "ராத்திரி சாப்பிட்டதும் பேசலாம்" என்பதுபோல.
- நிறுத்தியதைத் தோல்வியாக்கிக் குத்திக்காட்டக் கூடாது. "அன்னைக்கு பதில் சொல்ல முடியாமத்தானே எழுந்து போனே" என்று ஒரு முறை சொன்னால்கூட அந்த ஏற்பாடு செத்துவிடும்.

அலுவலகத்திலும் இதே விதி பொருந்தும். "இதுக்கு மேல இந்த மாசம் என்னால வேலை ஏத்துக்க முடியாது" என்று ஒருவர் சொன்னால், முதலில் ஒரு வேலையைக் குறையுங்கள். காரணத்தை அப்புறம் விசாரியுங்கள். வரிசையை மாற்றிச் செய்தால் அது பிடியை இறுக்கிக்கொண்டே நலம் விசாரிப்பதாகும்.

3. பத்துக்கு ஏழு: கணக்குப் போட்டு இடம் கொடுங்கள்

கானோ தன் உரைகளில் ஒரு எளிய கணக்கைச் சொல்வார். எதிராளியின் பலம் 10, என் பலம் 7 என்று வைத்துக்கொள்வோம். அவர் முழு வேகத்தில் தள்ளும்போது நான் எதிர்த்து நின்றால் தோற்பேன். அவர் தள்ளும் அளவுக்கு நான் பின்வாங்கினால், அவர் முன்பக்கம் சாய்ந்து நிலைகுலைவார். அந்த நிலையில் அவரால் பயன்படுத்த முடிகிற பலம் 3 ஆகிவிடும். நான் நிலையாக நிற்பதால் என்னிடம் 7 அப்படியே இருக்கும். அதில் பாதியைச் செலவழித்தாலே போதும். மீதி எனக்கு மிச்சம்.

கோபத்தோடு வருபவரை எதிர்கொள்ள இதைவிட நல்ல கணக்கு இல்லை. "உங்களால எங்க வேலையே நின்னு போச்சு!" என்று கிளையன்ட் போனில் கத்துகிறார். "சார், நீங்க விவரம் அனுப்பினதே லேட்டு" என்று பதில் சொன்னால் பத்தோடு ஏழு மோதுகிறது. "ஆமா சார், ரெண்டு நாள் தாமதம் ஆகியிருக்கு. இப்ப உங்களுக்கு எந்த வேலை நிக்குது? அதை முதல்ல முடிச்சுடலாம்" என்றால் அவர் தள்ளிய இடத்தில் சுவர் இல்லை. அடுத்த வாக்கியத்தில் அவர் வேலையைப் பற்றிப் பேசியாக வேண்டும். விவரம் தாமதமாக வந்த கதையை, வேலை முடிந்த பிறகு, ஆதாரத்தோடு, அமைதியாக எழுதி அனுப்பலாம்.

வீட்டிலும் அப்படித்தான். "எப்பப் பார்த்தாலும் உங்களுக்கு ஆபீஸ்தான்!" என்ற குற்றச்சாட்டுக்கு, "நான் யாருக்காக உழைக்கிறேன்?" என்பது எதிர்த் தள்ளல். "இந்த வாரம் தினமும் லேட்டாத்தான் வந்தேன். எந்த நாள் உனக்கு ரொம்பச் சிரமமா இருந்துச்சு?" என்பது இடம் கொடுப்பது. இதில் நீங்கள் எதையும் இழக்கவில்லை. 'எப்போதும்' என்ற பெரிய வழக்கு ஒரு குறிப்பிட்ட கிழமையின் சிக்கலாகச் சுருங்கிவிடுகிறது. அதைத் தீர்க்க முடியும்.

ஒரு எச்சரிக்கை. எப்போதும் வளைந்துகொடுப்பதுதான் ஜூடோ என்று நினைத்துவிடாதீர்கள். கானோவே அதை மறுத்திருக்கிறார். ஒருவர் பின்னாலிருந்து இறுக்கிக் கட்டிப்பிடித்தால் பின்வாங்க இடம் ஏது? அங்கே நேரடியாக எதிர்த்துப் பிடியை உடைக்க வேண்டும். அதனால்தான் இடம் கொடுப்பதையும் உள்ளடக்கிய ஒரு பெரிய கொள்கையை அவர் வகுத்தார்: மனத்தின், உடலின் ஆற்றலை மிக நல்ல முறையில் பயன்படுத்துவது. தானும் பிறரும் சேர்ந்து செழிப்பது என்பதை இரண்டாவது கொள்கையாக வைத்தார். 1922-இல் இவ்விரண்டையும் கோடோகானின் இலட்சியமாக அறிவித்தார்.

அலுவலகத்தில் பின்னாலிருந்து பிடிக்கும் சந்தர்ப்பங்கள் உண்டு. பொய்க் கணக்கு எழுதச் சொல்வது, லஞ்சம் கேட்பது, பாலியல் தொல்லை, சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது. இவற்றில் வளைந்துகொடுக்கக் கூடாது. தெளிவாக மறுத்து, தேதியோடு எழுதி வைத்து, முறைப்படி புகார் கொடுக்க வேண்டும். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லையைத் தடுக்கும் இந்தியாவின் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனத்தில் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். உங்கள் நிறுவனத்தில் அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று இன்றே தெரிந்துகொள்ளுங்கள்.

4. எறிவதற்கு முன் நிலையைப் பாருங்கள்

ஒரு எறிதலுக்கு மூன்று கட்டங்கள். எதிராளியின் சமநிலையைக் கலைப்பது 'குஸுஷி'. அதற்கு ஏற்றபடி தன் உடம்பைப் பொருத்திக்கொள்வது 'ட்ஸுகுரி'. எறிவது 'காகே'. பார்வையாளர் கண்ணுக்குத் தெரிவது மூன்றாவது மட்டும். ஜெயிப்பதும் தோற்பதும் முதலிரண்டில் முடிவாகிவிடும்.

இதைக் கானோ தன் குருவிடமே கண்டுபிடித்தார். கிதோ என்ற ஜுஜுத்ஸு மரபின் ஆசிரியரான ஈகுபோ, 50 வயதைத் தாண்டியும் எறிதலில் வல்லவர். பயிற்சியில் வழக்கமாக அவர்தான் கானோவை எறிவார். 1885 வாக்கில் ஒரு நாள் கானோ அவரைத் திரும்பத் திரும்ப எறிந்தார். என்ன நடந்தது என்று குரு வியந்து கேட்க, எதிராளி எந்தப் பக்கம் சாய்கிறார் என்று கவனித்து, நிலை கலைந்த பிறகே எறியத் தொடங்கியதாகக் கானோ விளக்கினார். இனிமேல் உனக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றும் இல்லை என்று ஈகுபோ ஒப்புக்கொண்டார். சிஷ்யன் தன்னை எறிந்த காரணத்தை முகம் சுளிக்காமல் கேட்டறிந்த அந்த ஆசிரியரும் தலைமைக்கு ஒரு பாடம்.

ஓடும் டவுன் பஸ்ஸில் இரண்டு கால்களையும் அகட்டி நிற்பவரை மூன்று பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாது. டிரைவர் பிரேக் போட்ட கணத்தில் ஒரு விரல் போதும். அலுவலகத்தில் நாம் பெரும்பாலும் பிரேக்குக்குக் காத்திருப்பதில்லை. மனதில் தோன்றிய அன்றே கேட்டுவிட்டு, "என் யோசனையை யாருமே மதிப்பதில்லை" என்று வருந்துகிறோம்.

சம்பள உயர்வு கேட்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று கட்டங்களில் அது இப்படி அமையும்:

*நிலை அறிதல்:* மேலதிகாரியின் தலைக்கு மேல் இப்போது என்ன பாரம் இருக்கிறது? பட்ஜெட் எப்போது முடிவாகிறது? அப்ரைசல் கடிதம் கையில் வந்த பிறகு கேட்பதில் பயன் குறைவு. எண்கள் முடிவாவதற்கு ஓரிரு மாதம் முன்பே பேச்சைத் தொடங்க வேண்டும்.

*பொருத்திக்கொள்ளுதல்:* உங்கள் உழைப்பை அவருடைய கவலையோடு சேர்த்து ஒரே பக்கத்தில் எழுதுங்கள். "நான் நிறைய உழைத்தேன்" என்பதை விட்டுவிடுங்கள். "நீங்கள் கவலைப்பட்ட அந்தத் தாமதம் இப்போது இல்லை, காரணம் இது" என்று எழுதுங்கள்.

*கேட்டல்:* ஒரு தொகையைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு நிறுத்துங்கள். மௌனத்தைத் தாங்க முடியாமல் நீங்களே தொகையைக் குறைக்காதீர்கள்.

ஒருவரின் பலவீனத்தைக் கண்டுபிடித்து ஏமாற்றுவதற்கும் இதற்கும் கோடு எங்கே? கானோவின் இரண்டாவது கொள்கைதான் கோடு. நீங்கள் செய்ததை அப்படியே எதிராளிக்கு விளக்கிச் சொல்ல முடிய வேண்டும், ஈகுபோவுக்குக் கானோ விளக்கியதைப்போல. சொல்லக் கூசினால் அது சூழ்ச்சி.

5. ஒதுங்கி நிற்பதும் தவறுதான்

ஜூடோ போட்டி நான்கு நிமிடம். அதில் தாக்க முயலாமல் காலம் கடத்துபவருக்கும், குனிந்து தற்காப்பிலேயே நிற்பவருக்கும், களத்தின் எல்லையைத் தாண்டி நழுவுபவருக்கும் 'ஷிடோ' என்ற தண்டனைப் புள்ளி உண்டு. இன்றைய விதிப்படி மூன்று ஷிடோ வாங்கினால் தகுதிநீக்கம். ஒரு முறைகூடக் கீழே விழாமலே தோற்றுவிடலாம்.

மோதலைத் தவிர்ப்பதை நல்ல குணமாகக் கருதும் மேனேஜர்களுக்கு இந்த விதி பொருந்தும். இருவர் வேலையை ஒருவரே செய்கிறார், இன்னொருவர் சும்மா இருக்கிறார். எல்லோருக்கும் தெரியும். மேனேஜர் மட்டும் "பார்க்கலாம்" என்கிறார். அவர் யாரையும் புண்படுத்தவில்லை என்று நினைக்கிறார். உழைப்பவர் தினமும் புண்பட்டுக்கொண்டிருக்கிறார். வேறு வேலைக்கு விண்ணப்பமும் போட்டிருப்பார்.

உங்களுக்கு நீங்களே ஷிடோ போட்டுக்கொள்ளுங்கள். ஒரே விஷயத்துக்கு மூன்றாவது முறை "பார்க்கலாம்" என்று சொல்ல நேர்ந்தால், அங்கேயே ஒரு தேதி குறித்து, அந்தத் தேதிக்குள் முடிவைச் சொல்லிவிட வேண்டும். முடிவு 'இல்லை' என்பதாக இருந்தாலும் சரி. குடும்பத்தில் சொத்துப் பேச்சு, வயதான பெற்றோரை யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு, கடனைத் திருப்பிக் கேட்பது எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதமும் கசப்பு வட்டியோடு ஏறுகிறது.

6. எறிந்தவர் சட்டைக் கையை விடுவதில்லை

நல்ல ஜூடோ வீரர் பயிற்சியில் ஒருவரை எறியும்போது, அவருடைய சட்டைக் கையைக் கடைசிவரை விடமாட்டார். லேசாக மேலே இழுத்துப் பிடிப்பார். விழுபவரின் தலை தரையில் மோதாமல் இருக்க அது உதவும். எறிவதிலும் விழுபவர் மேல் பொறுப்பு உண்டு.

உயர்ந்த இடத்தில் இருப்பவர் தினமும் யாரையாவது 'எறிய' வேண்டியிருக்கும். யோசனையை நிராகரிப்பது, புரொமோஷன் இல்லை என்று சொல்வது, வேலையை விட்டு அனுப்புவது. கையை விடாமல் இதைச் செய்ய வழி உண்டு. செய்தியை ஹெச்.ஆர். மின்னஞ்சலுக்கு விடாமல் நீங்களே நேரில் சொல்லுங்கள். சுற்றி வளைக்காமல் முதல் நிமிடத்திலேயே சொல்லுங்கள். உண்மையான காரணத்தைக் கொடுங்கள். இரண்டு வாரம் கழித்து அவரை மறுபடி அழைத்துப் பேசுங்கள். கடைசி வேலையைத்தான் பெரும்பாலோர் மறக்கிறார்கள்.

2020 பிப்ரவரியில் டோக்கியோ ஒலிம்பிக்கிற்கான ஜப்பான் ஆண்கள் அணியை அறிவித்தபோது, தலைமைப் பயிற்சியாளர் கொசெய் இனோவே கண்கலங்கினார். மேடையில் பேசவேண்டியது தேர்வானவர்களைப் பற்றி. அவர் நினைவில் வந்தவர்களோ கடைசிவரை போராடித் தேர்வாகாமல் போனவர்கள். 2012 லண்டனில் ஜப்பான் ஆண்கள் ஒரு தங்கம்கூட வெல்லாத வரலாறு காணாத சரிவுக்குப் பிறகு பொறுப்பேற்றவர் அவர். 2016 ரியோவில் அவருடைய அணி ஏழு எடைப் பிரிவுகளிலும் பதக்கம் பெற்றது. டோக்கியோவில் ஐந்து தங்கம். தோற்றவரை நினைக்கும் தலைவர் இளகியவர், அவரால் ஜெயிக்க முடியாது என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டலாம்.

ஜெயித்த கணத்தில் தன் ஆட்களைக் கட்டுப்படுத்துவதும் தலைமைதான். 1964-இல் ஜூடோ முதன்முறையாக ஒலிம்பிக்கில் சேர்ந்தது. டோக்கியோ புடோகான் அரங்கில், ஜப்பானியர் நெஞ்சு உடையும்படி, நெதர்லாந்தின் ஆன்டன் கீசிங்க் திறந்த எடைப் பிரிவின் இறுதியில் அகியோ கமினாகாவை வென்றார். உற்சாகத்தில் அவர் நாட்டவர்கள் களத்துக்குள் ஓடிவர, கீசிங்க் கையை உயர்த்தி அவர்களை நிறுத்தினார். முறைப்படி வணங்கி முடித்த பிறகே மற்றதெல்லாம். உங்கள் டீம் இன்னொரு டீமை முந்திய நாளில், வாட்ஸ்அப் குரூப்பில் கேலிப் படங்கள் பறக்கத் தொடங்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

7. மேலதிகாரிக்குத் தனி விதி

இதுவரை சொன்னவை சம பலமுள்ளவர்களுக்குச் சுலபம். பதவி வித்தியாசம் வந்ததும் சிக்கலாகும். களத்தில் வெள்ளைப் பட்டைக்காரர் தட்டினால் கறுப்புப் பட்டைக்காரர் விடுவார். அலுவலகத்தில் தட்டவே பயப்படுபவர்கள் அதிகம். அப்ரைசல் உங்கள் கையில் இருக்கிறதே!

ஜூடோ பிறந்த மண்ணிலேயே இது தவறியிருக்கிறது. லண்டன் ஒலிம்பிக் முடிந்து சில மாதங்களில், 2012 டிசம்பரில், ஜப்பானின் முன்னணி வீராங்கனைகள் 15 பேர் தங்கள் பயிற்சியாளர்கள் அடித்துத் துன்புறுத்தியதாக அந்நாட்டு ஒலிம்பிக் குழுவிடம் புகார் கொடுத்தார்கள். 2013 தொடக்கத்தில் விஷயம் வெளியே வந்ததும் மகளிர் அணியின் தலைமைப் பயிற்சியாளர் பதவி விலகினார். சுவரில் கானோவின் படம் மாட்டியிருப்பதால் மட்டும் யாரும் காப்பாற்றப்படுவதில்லை. புகாரை நேரடி மேலதிகாரியைத் தாண்டி இன்னொரு இடத்தில் சொல்ல வழி இருக்க வேண்டும் என்பதே இதில் கிடைக்கும் பாடம்.

பெற்றோரும் ஒருவகையில் மேலதிகாரிகள்தான். ஜப்பான் ஜூடோ கூட்டமைப்பு 2022-இல் தொடக்கப்பள்ளிச் சிறுவர்களுக்கான தேசியத் தனிநபர் போட்டியையே நிறுத்தியது. வெற்றி வெறியில் பிள்ளைகளை எடை குறைக்கச் சொல்லி வாட்டுவதும், பெரியவர்கள் நடுவர்களை ஏசுவதும் எல்லை மீறியதே காரணம். பிள்ளையின் மதிப்பெண் அட்டை கைக்கு வரும் நாளில் நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று ஒரு கணம் யோசிக்கலாம்.

மேலே இருப்பவர்கள் கடைப்பிடிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, பலத்தை எதிரில் இருப்பவரின் அளவுக்கு இறக்குங்கள். மூத்தவர் புதியவரோடு பயிற்சி செய்யும்போது தன் முழு வேகத்தைக் காட்டுவதில்லை. மீட்டிங்கில் உங்கள் கருத்தைக் கடைசியில் சொல்லுங்கள். வயதிலும் பதவியிலும் இளையவர் முதலில் பேசட்டும்.

இரண்டாவது, விழுந்து காட்டுங்கள். சொல்லித்தரும் ஆசிரியர் மாணவனிடம் எறிபட்டுத்தான் ஆக வேண்டும். உங்கள் முடிவு ஒன்றை டீம் மறுத்து, அவர்கள் சொன்னது சரி என்றால், எல்லோர் முன்பும் மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்த மறுப்பு தானாக வரும்.

மூன்றாவது, காரணம் சொல்லுங்கள். கானோவின் முதல் குரு ஃபுகுதா பழைய தலைமுறை. இந்த எறிதலில் கை எப்படி, கால் எப்படி என்று இளைஞர் கானோ கேட்டால், வா என்று அழைத்து மறுபடி எறிவார். மறுபடி கேட்டால் மறுபடியும் எறிவார். கானோ ஆசிரியரானபோது கதா, ரந்தோரி இரண்டோடு விரிவுரையையும் கேள்வி-பதிலையும் பயிற்சி முறையாகவே சேர்த்தார். "நாங்கல்லாம் இப்படி அடிபட்டுத்தான் கத்துக்கிட்டோம்" என்பவர் ஃபுகுதாவின் பள்ளியிலேயே நின்றுவிட்டவர். மாதம் ஒரு மணி நேரம் கேள்விக்கு மட்டும் ஒதுக்குங்கள்.

இந்த மாதமே தொடங்க ஒரு திட்டம்

*முதல் வாரம்:* யாராவது தவறைச் சொல்ல வந்தால் முதல் வாக்கியத்தை மட்டும் மாற்றுங்கள். வேறு எதுவும் வேண்டாம்.

*இரண்டாம் வாரம்:* வீட்டில் நிறுத்தும் சொல்லைப் பேசி முடிவுசெய்யுங்கள். அலுவலகத்தில் "வேலை அதிகம்" என்று சொன்ன ஒருவரிடமிருந்து ஒரு வேலையை எடுத்துவிடுங்கள்.

*மூன்றாம் வாரம்:* நீங்கள் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கும் பேச்சுகளைப் பட்டியலிடுங்கள். அதில் மிகச் சிறியதைப் பேசி முடியுங்கள். பெரியதில் தொடங்க வேண்டாம். விழும் உயரம் படிப்படியாகத்தான் கூட வேண்டும்.

*நான்காம் வாரம்:* கடந்த ஆண்டில் நீங்கள் மறுத்த, ஒதுக்கிய, தோற்கடித்த ஒருவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். சமாதானம் சொல்ல வேண்டாம். இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேளுங்கள்.

மாதம் முடிந்ததும் பலன் தெரிய ஒரே ஒரு சோதனை. உங்கள் டீமில் இருப்பவர்களிடம் தனித்தனியே கேளுங்கள்: "கடைசியா எப்ப என் பேச்சை மறுத்தீங்க?" ஒருவர் சட்டென்று ஒரு சம்பவத்தைச் சொல்லிச் சிரித்தால் பாய் விரித்தாகிவிட்டது, இனி முழுப் பலத்தோடு வேலை நடக்கும். எல்லோரும் "அப்படி எதுவும் இல்லையே சார்" என்றால், உங்கள் முடிவுகள் எல்லாம் சரியானவை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். முதல் விதியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.